வரலாற்றில் இன்று: ஒரே தேதியில் வந்து விழும் நிகழ்வுகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

‘வரலாற்றில் இன்று’ என்று தினமும் நாலு வரி எழுதிப் பகிர்வது என் வழக்கம். படித்துவிட்டு வரும் சந்தேகங்களில் பாதிக்கு மேல் தேதிகளைப் பற்றித்தான். இரண்டு பெரிய மனிதர்கள் ஒரே நாளில் இறந்தது நிஜமா, ஒரே தேதியில் ஏன் திரும்பத் திரும்ப ஏதாவது நடக்கிறது, இந்தத் தேதியே தப்பில்லையா என்று. தனித்தனியாகப் பதில் எழுதியதை எல்லாம் இங்கே ஒன்றாகத் தொகுத்திருக்கிறேன். கேள்விகளை முடிந்தவரை கேட்டவர்களின் வார்த்தையிலேயே விட்டிருக்கிறேன்.

1. ஒரே தேதியில் இவ்வளவு பெரிய நிகழ்வுகள் நடந்திருக்கிறதே, இது எப்படி?

வருடத்தில் இருப்பது மொத்தம் 366 தேதிகள்தான், பிப்ரவரி 29ஐயும் சேர்த்து. சில ஆயிரம் ஆண்டுகளின் போர், பிறப்பு, இறப்பு, கண்டுபிடிப்பு, விபத்து எல்லாம் அதற்குள்தான் அடங்கியாக வேண்டும். அதனால் எந்தத் தேதியைத் தொட்டாலும் கூட்டம் நிற்கும்.

மார்ச் 14ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 1879இல் ஐன்ஸ்டைன் பிறந்தார், 1883இல் கார்ல் மார்க்ஸ் இறந்தார், 2018இல் ஸ்டீபன் ஹாக்கிங் இறந்தார். டிசம்பர் 24இல் பெரியார் (1973), எம்.ஜி.ஆர். (1987) இருவரும் மறைந்தார்கள். அதே தேதியில் 1524இல் கொச்சியில் வாஸ்கோ ட காமா இறந்தார். மூவரையும் சேர்த்து வைத்தது காலண்டர் மட்டும்தான்.

2. அதே வருஷமாகவும் இருந்தால்தானே ஆச்சரியம்? அப்படி இருக்கிறதா?

இருக்கிறது. ஆனால் குறைவு. 1809 பிப்ரவரி 12 அன்று அமெரிக்காவில் ஆப்ரகாம் லிங்கனும் இங்கிலாந்தில் சார்லஸ் டார்வினும் பிறந்தார்கள். 1963 நவம்பர் 22 அன்று கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டார். அன்றைக்கே எழுத்தாளர்கள் ஆல்டஸ் ஹக்ஸ்லியும் சி. எஸ். லூயிஸும் இறந்தார்கள். கென்னடி செய்தியின் இரைச்சலில் அந்த இரண்டு மரணங்களும் அப்போது யார் காதிலும் சரியாக விழவில்லை.

வேறு வேறு வருடத்தில் ஒரே தேதி என்பது சாதாரணம். என்றாலும் சில இணைப்புகள் மனதில் ஒட்டிக்கொள்ளும். அக்டோபர் 2 காந்தியின் பிறந்தநாள் (1869), லால் பகதூர் சாஸ்திரியின் பிறந்தநாள் (1904). காமராஜர் மறைந்ததும் அக்டோபர் 2தான் (1975). வாழ்நாள் முழுக்கக் காந்தியவாதியாக இருந்தவர் காந்தி ஜெயந்தியன்று போனார் என்பதை எண்ணிக்கைக் கணக்காக மட்டும் பார்க்க எனக்கும் மனம் வருவதில்லை.

3. எங்கள் வகுப்பில் 40 பேர். அதில் இரண்டு பேருக்கு ஒரே பிறந்தநாள். அபூர்வம்தானே?

இல்லை. அப்படி ஒரு ஜோடி இல்லாமல் போவதுதான் அபூர்வம். 23 பேர் இருந்தாலே, யாராவது இருவருக்குப் பிறந்தநாள் பொருந்த 50 சதவீதத்துக்குக் கொஞ்சம் கூடுதலான வாய்ப்பு உண்டு. 40 பேர் என்றால் சுமார் 89 சதவீதம். காரணம், நாம் ஆட்களை எண்ணுகிறோம், கணக்கு ஜோடிகளை எண்ணுகிறது. 23 பேரில் 253 ஜோடிகள், 40 பேரில் 780 ஜோடிகள். ‘என்னுடைய’ பிறந்தநாளோடு ஒருவர் பொருந்த வேண்டும் என்றால் கதை வேறு. அதற்குப் பாதி வாய்ப்பு கிடைக்கவே 253 பேர் தேவை.

நிஜப் பட்டியலில் போட்டுப் பார்க்கலாம். அமெரிக்க அதிபர்களில் போல்க், ஹார்டிங் இருவரும் பிறந்தது நவம்பர் 2. இறந்த தேதிகளில் ஃபில்மோரும் டாஃப்டும் மார்ச் 8, ட்ரூமனும் ஃபோர்டும் டிசம்பர் 26. இந்தியப் பிரதமர்கள், இடைக்காலப் பிரதமர் நந்தாவையும் சேர்த்து 15 பேர். அவர்களில் பிறந்தநாள் பொருந்தும் ஜோடி ஒன்றுகூட இல்லை. 15 பேருக்கு வாய்ப்பு கால்வாசிதான் என்பதால் அதுவும் எதிர்பார்த்ததே.

4. ஆடம்ஸும் ஜெஃபர்சனும் சுதந்திர தினத்தன்று ஒரே நாளில் இறந்தது கட்டுக்கதைதானே?

கட்டுக்கதை போலத்தான் இருக்கிறது, ஆனால் உண்மை. அமெரிக்க சுதந்திரப் பிரகடனம் 1776 ஜூலை 4 அன்று ஏற்கப்பட்டது. அதை எழுதிய ஜெஃபர்சன், அதற்காகச் சபையில் வாதாடிய ஜான் ஆடம்ஸ் இருவரும் பின்னாளில் அதிபர்களாகி, அரசியல் எதிரிகளாகி, முதுமையில் கடிதம் எழுதிச் சமாதானமானார்கள். பிரகடனத்தின் 50ஆம் ஆண்டு நிறைவு நாளான 1826 ஜூலை 4 அன்று ஜெஃபர்சன் 83 வயதில் இறந்தார். சில மணி நேரம் கழித்து ஆடம்ஸ் 90 வயதில் இறந்தார். ஜெஃபர்சன் இன்னும் இருக்கிறார் என்ற பொருளில் ஆடம்ஸ் கடைசியாக ஏதோ சொன்னதாகக் குறிப்பு உண்டு. செய்தி போய்ச் சேர அப்போது தந்தி கிடையாது. ஐந்து வருடம் கழித்து 1831 ஜூலை 4இல் இன்னொரு முன்னாள் அதிபர் மன்றோவும் இறந்தார். ஆக முதல் ஐந்து அதிபர்களில் மூவர்.

அந்தப் பொன்விழா நாளைப் பார்த்துவிட வேண்டும் என்ற மனவுறுதியில் இருவரும் உயிரைப் பிடித்து வைத்திருந்தார்கள் என்று சிலர் விளக்குகிறார்கள். ஆறுதலான விளக்கம்தான், நிரூபிக்க வழியில்லை. நான் இதைத் தற்செயல் என்ற பெட்டியில்தான் போடுவேன். ஆனால் மேல் தட்டில்.

இதில் வேடிக்கை என்னவென்றால், விடுதலைக்கான வாக்கெடுப்பு நடந்தது ஜூலை 2. அந்த நாளைத்தான் வருங்காலம் கொண்டாடும் என்று ஆடம்ஸ் மனைவிக்குக் கடிதம் எழுதினார். உறுப்பினர்களில் பெரும்பாலோர் கையெழுத்துப் போட்டது ஆகஸ்ட் 2. நடுவில் இருந்த ஜூலை 4 தான் பிரகடனத்தின் தலைப்பில் அச்சானது, அதுவே நிலைத்துவிட்டது.

5. ஷேக்ஸ்பியரும் ஸ்பானிய எழுத்தாளர் செர்வாண்டிஸும் ஒரே நாளில் இறந்தார்கள் என்று பாடப் புத்தகத்திலேயே படித்தேனே?

இரண்டு பேருக்கும் எழுதப்படும் தேதி ஒன்றுதான்: 1616 ஏப்ரல் 23. நாள்தான் வேறு. ஸ்பெயின் 1582இலேயே கிரிகோரியன் நாட்காட்டிக்கு மாறிவிட்டது. இங்கிலாந்து அப்போதும் பழைய ஜூலியன் நாட்காட்டியில் இருந்தது. இரண்டுக்கும் 10 நாள் இடைவெளி. இங்கிலாந்தின் ஏப்ரல் 23 ஸ்பெயினில் மே 3. ஆக ஸ்பெயினில் செர்வாண்டிஸ் அடக்கமாகிப் பத்து நாள் கழித்துத்தான் ஷேக்ஸ்பியர் இறந்தார். போதாததற்கு, செர்வாண்டிஸ் இறந்தது ஏப்ரல் 22 என்றும் 23 அடக்கம் நடந்த தேதி என்றும் பெரும்பாலான ஆய்வாளர்கள் சொல்கிறார்கள்.

இருந்தாலும் இந்தப் பொருத்தம் ஒரு நல்ல காரியம் செய்தது. 1995இல் யுனெஸ்கோ உலகப் புத்தக நாளாக ஏப்ரல் 23ஐத் தேர்ந்தெடுத்தது இதை வைத்துத்தான்.

6. அப்படியானால் பழைய தேதி எதையுமே நம்ப முடியாதா?

நம்பலாம். எந்த நாட்காட்டி என்று கேட்டுவிட்டு நம்பலாம். ஜூலியன் கணக்கில் வருடம் உண்மையான சூரிய ஆண்டைவிடச் சுமார் 11 நிமிடம் நீளம். அது சேர்ந்து சேர்ந்து 16ஆம் நூற்றாண்டில் 10 நாள் பிசகாகிவிட்டது. போப் 13ஆம் கிரிகோரி அதைச் சரிசெய்ய, இத்தாலி, ஸ்பெயின், போர்ச்சுகல், போலந்து ஆகிய இடங்களில் 1582 அக்டோபர் 4க்கு அடுத்த நாள் அக்டோபர் 15 ஆனது. ஸ்பெயினின் கத்தோலிக்கப் புனிதர் அவிலாவின் தெரேசா இறந்தது சரியாக அந்த இரவில்தான். அதனால் அவருடைய திருநாள் இன்றும் அக்டோபர் 15.

மற்ற நாடுகள் சாவகாசமாக வந்தன. பிரிட்டன் 1752 செப்டம்பர் 2லிருந்து நேராக 14க்குத் தாவியது. ரஷ்யா 1918 ஜனவரி 31லிருந்து பிப்ரவரி 14க்கு. அதனால்தான் ‘அக்டோபர் புரட்சி’யை நாம் நவம்பர் 7இல் நினைவுகூருகிறோம், அங்கே அன்று பழைய கணக்கில் அக்டோபர் 25. ஸ்வீடன் பாதி மாறி, குழம்பி, திரும்பிப் போனதில் 1712இல் பிப்ரவரி 30 என்று ஒரு தேதியே இருந்தது. இடைவெளியும் நிலையானது அல்ல. 1700 வரை 10 நாள், பிறகு 11, 1800க்குப் பிறகு 12, 1900லிருந்து 13.

இப்போது ஒரு பிரபலமான பொருத்தம் உடைகிறது. கலிலியோ இறந்த 1642ஆம் ஆண்டிலேயே நியூட்டன் பிறந்தார் என்பார்கள். கலிலியோவின் தேதி, 1642 ஜனவரி 8, புதிய நாட்காட்டி. நியூட்டனின் 1642 கிறிஸ்துமஸ் பழைய நாட்காட்டி. ஒரே கணக்கில் பார்த்தால் நியூட்டன் பிறந்தது 1643 ஜனவரி 4. ஆனால் ஹாக்கிங் 1942 ஜனவரி 8இல், கலிலியோ இறந்து சரியாக 300 ஆண்டு கழித்துப் பிறந்தது உடையாது. அதை ரசித்துச் சொன்ன ஹாக்கிங்கே, அன்றைக்கு வேறு சுமார் 2 லட்சம் குழந்தைகளும் பிறந்திருக்கும் என்று சேர்த்துக்கொள்வார். முதல் பதிலில் வந்த வாஸ்கோ ட காமாவின் டிசம்பர் 24ம் பழைய கணக்குதான். கறாராகப் பார்த்தால் பெரியார், எம்.ஜி.ஆர். வரிசையிலிருந்து அவரை எடுத்துவிட வேண்டும்.

7. ஜூன் 28 ராசியில்லாத நாளா? முதல் உலகப் போரே அன்றுதானே தொடங்கியது?

போர் தொடங்கியது ஒரு மாதம் கழித்து, 1914 ஜூலை 28. ஜூன் 28 அன்று சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசர் ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்ட் கொல்லப்பட்டார். சரியாக ஐந்து வருடம் கழித்து 1919 ஜூன் 28இல் வெர்சாய் ஒப்பந்தம் கையெழுத்தானது. 1921இல் அதே தேதியில் யூகோஸ்லாவியாவின் முதல் அரசியல் சட்டம். 2001இல் அதே தேதியில் யூகோஸ்லாவிய முன்னாள் அதிபர் மிலோசெவிச் தி ஹேக் நீதிமன்றத்திடம் ஒப்படைக்கப்பட்டார்.

இந்தத் தேதிக்குப் பின்னால் செர்பியர்களின் விதோவ்தான் என்ற நாள் இருக்கிறது. 1389இல் கொசோவோ களத்தில் ஒட்டோமான்களோடு நடந்த போரின் நினைவு நாள். அந்த நாளில் ஆஸ்திரிய இளவரசர் ஊர்வலம் வந்தது செர்பிய இளைஞர்களுக்கு வெந்த புண்ணில் வேல். 1921ஆம் ஆண்டு அரசியல் சட்டத்துக்கும் அந்த நாளின் பெயரே வழங்குகிறது. ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்டுக்கும் அந்தத் தேதியில் ஒரு தனிக்கதை உண்டு. அரச குலத்தில் பிறக்காத சோஃபியை மணக்க, தன் பிள்ளைகளுக்கு அரியணை உரிமை வேண்டாம் என்று அவர் உறுதிமொழி எடுத்தது 1900 ஜூன் 28.

ஆனால் 1389இல் போர் நடந்த நாள் உண்மையில் ஜூன் 28 கிடையாது. ஜூலியன் கணக்கில் அது ஜூன் 15. அந்த நூற்றாண்டின் இடைவெளியைக் கூட்டினால் கிரிகோரியனில் ஜூன் 23தான் வரும். செர்பியத் திருச்சபை இன்றும் ஜூலியன் ஜூன் 15ஐயே கடைப்பிடிப்பதாலும், இடைவெளி இப்போது 13 நாள் என்பதாலும் அது ஜூன் 28இல் வந்து உட்கார்ந்திருக்கிறது. நாள் தானாக நகர்ந்துவந்து இன்னொரு நிகழ்வோடு சேர்ந்துகொண்டது.

8. தலைவர்கள் வேண்டுமென்றே தேதி பார்த்து வைப்பார்களா?

நிறைய. ‘அடடா, அதே தேதி’ என்று வியக்கும் பொருத்தங்களில் கணிசமானவை யாரோ உட்கார்ந்து தேர்ந்தெடுத்தவை. இந்திய அரசியல் சட்டம் 1949 நவம்பர் 26இலேயே ஏற்கப்பட்டுவிட்டது. 1930 ஜனவரி 26 அன்று பூரண சுயராஜ்ய நாள் கொண்டாடப்பட்டதை நினைத்து, முழுமையாக நடைமுறைக்கு வர 1950 ஜனவரி 26 வரை காத்திருந்தார்கள். ஆகஸ்ட் 15ஐத் தேர்ந்தெடுத்தது மவுண்ட்பேட்டன். 1945இல் அதே நாளில்தான் ஜப்பான் சரணடைவதாக அறிவித்தது. தென்கிழக்கு ஆசியாவில் நேச நாட்டுப் படைத் தலைவராக இருந்தவருக்கு அந்தத் தேதி மறக்கவில்லை. ஜப்பான் பிடியிலிருந்து விடுபட்ட கொரியாவுக்கும் அதனால்தான் ஆகஸ்ட் 15 விடுதலை நாள். இந்தியாவும் கொரியாவும் ஒரே நாளில் கொண்டாடுவது தற்செயல் என்று நினைப்பவர்கள் இந்த இடத்தில் ஏமாந்துபோவார்கள்.

பிரான்சில் டிசம்பர் 2 இன்னும் பச்சையாகத் தெரியும். நெப்போலியன் 1804 டிசம்பர் 2இல் முடிசூடினார், அடுத்த வருடம் அதே தேதியில் ஆஸ்டர்லிட்ஸ் போரில் ஜெயித்தார். அவருடைய தம்பி மகன் லூயி நெப்போலியன் 1851 டிசம்பர் 2இல் ஆட்சியைக் கவிழ்த்து, 1852 டிசம்பர் 2இல் பேரரசர் ஆனார். பெரியப்பாவின் புகழைத் தேதியோடு எடுத்துக்கொண்டார். பழிவாங்கவும் தேதி பார்ப்பார்கள். இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்லஸின் தலை 1649 ஜனவரி 30இல் வெட்டப்பட்டது. மகன் பதவிக்கு வந்ததும், அந்தத் தண்டனைக்கு முன்நின்று, பிறகு செத்துப் புதைத்திருந்த கிராம்வெல்லின் உடலைத் தோண்டி எடுத்து 1661 ஜனவரி 30 அன்று தூக்கில் மாட்டினார்கள்.

திட்டமிட்டது போலவே இருந்து தற்செயலாக அமைந்ததும் உண்டு. ககாரின் விண்வெளிக்குப் போனது 1961 ஏப்ரல் 12. அமெரிக்காவின் முதல் விண்வெளி ஓடம் கொலம்பியா புறப்பட்டது 1981 ஏப்ரல் 12. சரியாக 20 வருடம். ஆனால் அது கிளம்ப வேண்டியது ஏப்ரல் 10இல். கணினிகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாததால் இரண்டு நாள் தள்ளிப்போய் அந்தத் தேதியில் விழுந்தது.

9. ஜெர்மனிக்கு நவம்பர் 9 என்றால் என்ன கணக்கு? எல்லாமே அன்றுதான் நடக்கிறது.

இதில் தற்செயல், திட்டம், சங்கிலித் தொடர் மூன்றும் கலந்திருக்கின்றன. 1918 நவம்பர் 9இல் கெய்சர் (ஜெர்மன் பேரரசர்) பதவி இழந்து குடியரசு அறிவிக்கப்பட்டது. அந்தக் குடியரசை வெறுத்த ஹிட்லர் 1923 நவம்பர் 8 இரவு மியூனிக்கில் ஆட்சிக் கவிழ்ப்பில் இறங்கினார். 9ஆம் தேதி ஊர்வலத்தில் துப்பாக்கிச் சூட்டோடு அது முடிந்தது. ஆட்சிக்கு வந்தபின் நாஜிகள் வருடா வருடம் அந்த நாளில் மியூனிக்கில் கூடினார்கள். 1938இல் அப்படிக் கூடிய இடத்தில்தான், பாரிஸில் ஜெர்மன் தூதரக அதிகாரி ஒருவர் இறந்த செய்தி வந்ததும் கோயபல்ஸ் பேசித் தூண்டிவிட, அன்றிரவு யூதர்களின் கடைகளும் தொழுகைக் கூடங்களும் நொறுக்கப்பட்டன. 1923 இல்லாவிட்டால் 1938இல் எல்லோரும் அன்று ஒரே இடத்தில் இருந்திருக்க மாட்டார்கள்.

1989 மட்டும் தனி. பெர்லின் சுவர் திறந்தது ஒரு சொதப்பலில். புதிய பயண விதிகளை அறிவித்த கிழக்கு ஜெர்மன் அதிகாரி ஷபோவ்ஸ்கியிடம் எப்போதிலிருந்து என்று நிருபர்கள் கேட்க, அவர் கையிலிருந்த தாளைப் புரட்டிவிட்டு ‘உடனடியாக’ என்றார். மறுநாளிலிருந்து ஒழுங்காகத் தொடங்க வேண்டியது. ஜனம் சுவரை நோக்கி ஓடியது. இவ்வளவு மகிழ்ச்சியான நாளைத் தேசிய நாளாக வைக்க முடியாததற்கு 1938ம் ஒரு காரணம். ஜெர்மனியின் தேசிய நாள் அக்டோபர் 3.

10. இந்தியாவும் பாகிஸ்தானும் ஒன்றாகத்தானே விடுதலை ஆயின? அவர்களுக்கு மட்டும் ஏன் ஆகஸ்ட் 14?

பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தில் இரண்டு நாட்டுக்கும் ஒரே தேதிதான், 1947 ஆகஸ்ட் 15. பாகிஸ்தானின் முதல் தபால் தலைகளிலும் ஆகஸ்ட் 15 என்றே அச்சாகியிருந்தது. மவுண்ட்பேட்டன் கராச்சி போய் உரையாற்றியது 14ஆம் தேதி. டெல்லி விழா 14 நள்ளிரவில். 1948லிருந்து பாகிஸ்தான் 14ஐ வைத்துக்கொண்டது.

11. பாரதியார் நினைவு நாள் செப்டம்பர் 11ஆ, 12ஆ? இரண்டையும் பார்க்கிறேன்.

1921 செப்டம்பர் 11 இரவு, நள்ளிரவைத் தாண்டி ஒரு மணிக்கு மேல் பாரதியின் உயிர் பிரிந்தது. கடிகாரக் கணக்கில் அது 12. சூரிய உதயத்திலிருந்து நாளை எண்ணும் நம் பழைய வழக்கத்தில் விடியும் வரை 11தான். தமிழ்நாடு அரசு மகாகவி நாளாக அறிவித்திருப்பது செப்டம்பர் 11. நான் தேதியை மட்டும் போடாமல் ‘11 நள்ளிரவுக்குப் பின்’ என்று எழுதிவிடுகிறேன், சண்டை வராது.

இது முக்கியமா என்றால், பட்டியல் போடுபவர்களுக்கு முக்கியம். செப்டம்பர் 11 ஏற்கெனவே கனமான தேதி. 1893இல் சிகாகோவில் விவேகானந்தர் பேச்சு, 1906இல் ஜோகன்னஸ்பர்க் கூட்டத்தில் காந்தியின் சத்தியாக்கிரகத்துக்கு வித்து, 1973இல் சிலியில் ராணுவப் புரட்சி, 2001இல் நியூயார்க். பாரதியை இந்த வரிசையில் சேர்ப்பதா வேண்டாமா என்பது ஒரு மணி நேரச் சங்கதி. டைட்டானிக்கும் லிங்கனும் இதே வகை. லிங்கன் சுடப்பட்டது 1865 ஏப்ரல் 14 இரவு, இறந்தது 15 காலை. டைட்டானிக் பனிப்பாறையில் மோதியது 1912 ஏப்ரல் 14 இரவு 11.40, மூழ்கியது 15 அதிகாலை 2.20. எந்தத் தேதியை எடுத்தாலும் இரண்டும் பொருந்திவிடுவது இதன் விசேஷம்.

12. நிலவில் கால் வைத்தது ஜூலை 20 என்கிறார்கள், என் அப்பா 21 என்கிறார். யார் சரி?

அப்பாவும் சரி. ஆம்ஸ்ட்ராங் கால் வைத்தபோது அமெரிக்கக் கிழக்குக் கடற்கரையில் 1969 ஜூலை 20 இரவு 10.56. இந்தியாவில் 21 காலை 8.26. நிகழ்வு நடந்த இடத்தின் தேதியைப் போடுவதுதான் பொது வழக்கம். நிலவுக்கு உள்ளூர்த் தேதி கிடையாதே. அமெரிக்கர்கள் அனுப்பியதால் அவர்கள் தேதி உலகத்துக்கு நிலைத்துவிட்டது.

போர் வரலாற்றில் இது இன்னும் குழப்பும். பேர்ல் துறைமுகத் தாக்குதல் ஹவாயில் 1941 டிசம்பர் 7, ஜப்பானில் டிசம்பர் 8. மலாயாவின் கோத்தா பாருவில் ஜப்பானியர் இறங்கியது டிசம்பர் 8. தேதியைப் பார்த்தால் ஒரு நாள் பின்னால். நேரத்தைப் பார்த்தால் பேர்ல் துறைமுகத்துக்கும் முன்னால். ஜெர்மனியின் சரணாகதியும் அப்படித்தான். மேற்கில் 1945 மே 8 இரவு, மாஸ்கோவில் அப்போது மே 9 பிறந்துவிட்டது. இன்றும் இரு தரப்பும் தனித்தனி நாளில் வெற்றி விழா எடுக்கிறார்கள்.

13. மெக்சிகோவில் மூன்று முறை ஒரே தேதியில் நிலநடுக்கம். இதை யாரும் தேர்ந்தெடுத்திருக்க முடியாதே?

முடியாதுதான். 1985, 2017, 2022, மூன்றுமே செப்டம்பர் 19, மூன்றுமே 7 ரிக்டருக்கு மேல். அதைவிட ஒன்று உண்டு. 1985இல் ஆயிரக்கணக்கானோர் இறந்ததன் நினைவாக வருடந்தோறும் அன்று நாடு முழுக்க நிலநடுக்க ஒத்திகை நடக்கும். 2017இல் ஒத்திகை முடிந்து சுமார் இரண்டு மணி நேரத்தில் நிஜ நிலநடுக்கம். 2022இல் ஒரு மணி நேரத்துக்குள்.

பூமிக்கடியில் தேதி பார்க்கும் ஏற்பாடு எதுவும் இல்லை. கோகோஸ் தட்டு வட அமெரிக்கத் தட்டுக்கடியில் செருகிக்கொண்டே இருப்பதால் மெக்சிகோவில் பெரிய அதிர்வுகள் அடிக்கடி வரும். மற்ற தேதிகளில் வந்தவற்றை நாம் பட்டியல் போடுவதில்லை. 2003 டிசம்பர் 26 ஈரானின் பாம் நகர நிலநடுக்கம், 2004 டிசம்பர் 26 சுமத்ரா நிலநடுக்கமும் சுனாமியும் இதே கதைதான். தற்செயல் என்று தெரிந்திருந்தும், செப்டம்பர் 19 வந்தால் மெக்சிகோவில் பலருக்கு வயிற்றைக் கலக்குகிறது என்றால் அவர்களைக் குறை சொல்ல நான் ஆளில்லை.

14. நாசாவின் விபத்துகள் எல்லாம் ஒரே தேதியா?

ஒரே வாரம். அப்போலோ 1 தீ விபத்து 1967 ஜனவரி 27, சேலஞ்சர் 1986 ஜனவரி 28, கல்பனா சாவ்லா இருந்த கொலம்பியா 2003 பிப்ரவரி 1. ‘ஏறக்குறைய அதே தேதி’ என்று வாசலை அகலமாகத் திறந்தால் எதுவும் உள்ளே வந்துவிடும் என்பதை நினைவில் வையுங்கள்.

15. நெப்போலியனும் ஹிட்லரும் ஒரே தேதியில் ரஷ்யா மீது படையெடுத்தார்களாமே?

இல்லை. ஹிட்லர் 1941 ஜூன் 22. நெப்போலியனின் படை நேமன் ஆற்றைக் கடக்கத் தொடங்கியது 1812 ஜூன் 24. முந்தைய பதிலில் சொன்ன அகல வாசல்தான் இதுவும்.

16. 1947 காலண்டரும் 2025 காலண்டரும் அப்படியே ஒன்று என்று வாட்ஸ்அப்பில் வந்தது. பயமாக இருக்கிறது.

ஒன்றேதான். இரண்டும் புதன்கிழமை தொடங்கும் சாதாரண வருடங்கள். இரண்டிலும் ஆகஸ்ட் 15 வெள்ளிக்கிழமை. ஆனால் இடையில் 1958, 1969, 1975, 1986, 1997, 2003, 2014 ஆகியவையும் இதே காலண்டர்தான். உலகத்தில் இருப்பதே 14 காலண்டர்: வருடம் தொடங்கும் கிழமை ஏழு, லீப் ஆண்டா இல்லையா என்று இரண்டு. பயப்படுவதை விட்டுவிட்டுப் பழைய காலண்டரைத் தூசி தட்டி மாட்டிக்கொள்ளலாம். பண்டிகைத் தேதிகள் மட்டும் பொருந்தாது.

17. ஆங்கிலத் தேதியை விட்டுவிட்டு நட்சத்திரம், திதி பார்த்தால் இந்தப் பொருத்தங்கள் நிற்குமா?

பெரும்பாலும் நிற்காது. ராஜராஜ சோழனின் ஐப்பசி சதயம் ஆங்கிலக் காலண்டரில் வருடத்துக்கு ஒரு தேதி. இஸ்லாமிய ஆண்டு 354 அல்லது 355 நாள் என்பதால் அதன் நாட்கள் ஆங்கில வருடத்தில் ஒவ்வொரு முறையும் சுமார் 11 நாள் முன்னதாகவே வந்துகொண்டிருக்கும். ஒரு கணக்கில் சேர்ந்தது இன்னொன்றில் பிரியும், வேறொன்று சேரும்.

யூதர்களின் ஆவ் மாதம் 9ஆம் நாள் இதில் தனி ரகம். எருசலேமின் முதல் ஆலயம், சுமார் ஆறரை நூற்றாண்டு கழித்து இரண்டாம் ஆலயம், இரண்டும் அழிந்த நாளாக அதைத் துக்கம் கடைப்பிடிக்கிறார்கள். ஆனால் முதல் ஆலயம் எரிந்தது பற்றி விவிலியத்தில் அரசர்கள் நூல் 7ஆம் நாள் என்கிறது, எரேமியா நூல் 10ஆம் நாள் என்கிறது. ஒரு சமூகம் பெரிய துயரங்களுக்கு ஒரு நாளை ஒதுக்கிவிட்டால், பக்கத்து நாட்களில் நடந்தவையும் மெல்ல அங்கே வந்து சேர்ந்துவிடும்.

18. எனக்கு வரும் ‘ஒரே தேதி’ பட்டியலை நானே எப்படிச் சரிபார்ப்பது?

1582க்கும் 1918க்கும் இடைப்பட்ட ஐரோப்பியத் தேதி என்றால் முதலில் நாட்டைப் பாருங்கள் (6ஆம் பதில்). இரவில் நடந்ததா, கடல் கடந்து நடந்ததா என்று பாருங்கள் (11, 12). கையெழுத்து, பதவியேற்பு, திறப்பு விழா போன்றவை என்றால் யாரோ தேர்ந்தெடுத்த தேதியாக இருக்கும் (8). இன்னொரு பொறி, பழைய நாளிதழ். செய்தி அச்சான தேதியை நிகழ்வின் தேதியாக எடுத்து எழுதிவிடுவார்கள். ஒரு நாள் பிசகு பாதிக்கு மேல் அப்படி வருவதுதான் என்பது என் அனுபவம். இவ்வளவையும் தாண்டி ஒரு பொருத்தம் நின்றால் தாராளமாக ரசியுங்கள்.

19. பிப்ரவரி 29இல் எதுவுமே நடக்கவில்லையா? உங்கள் பட்டியலில் அன்று காலியாகவே இருக்கிறது.

காலி இல்லை, மெலிவு. நாலு வருடத்துக்கு ஒரு முறை வருவதால் மற்ற தேதிகளில் கால்வாசிதான் சேரும். கிரிகோரியன் கணக்கில் நூறாம் ஆண்டுகளில் 400ஆல் வகுபடாதவை லீப் ஆண்டும் ஆகாது. அதனால் 1896க்குப் பிறகு அடுத்த பிப்ரவரி 29 வந்தது 1904இல்தான்.

மொரார்ஜி தேசாய் பிறந்தது 1896 பிப்ரவரி 29. எட்டு வயது முடிந்த அன்றுதான் அவருக்கு அந்தத் தேதியில் முதல் பிறந்தநாளே வந்தது. சரியாக அதே 1904 பிப்ரவரி 29 அன்று பிறந்தவர் ருக்மிணி தேவி அருண்டேல், கலாக்ஷேத்திரத்தை நிறுவியவர். 1977இல் மொரார்ஜி பிரதமராக இருந்தபோது குடியரசுத் தலைவர் பதவிக்கு நிற்கும்படி ருக்மிணி தேவியைக் கேட்டார். அவர் மறுத்துவிட்டார்.